திரும்பும் நேரம்

குளிரில் விறைத்து இறந்தவர்களை மலையில் தேடிப் போகிறவர்கள் சில சமயம் விசித்திரமான காட்சியொன்றைக் காண்கிறார்கள். இறந்தவரின் ஜாக்கெட் ஓரிடத்தில் கிடக்கும், கையுறை வேறிடத்தில் கிடக்கும், சட்டைப் பொத்தான்கள் அவிழ்ந்திருக்கும். யாரோ வழிப்பறி செய்துவிட்டுப் போனது போலத் தோன்றும். மருத்துவர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம் வேறு. கடுங்குளிரில் உடல், தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்களை இறுக்கி மூடி, இருக்கிற வெப்பத்தை நெஞ்சுக்கும் மூளைக்குமாகச் சேமிக்கிறது. நெடுநேரம் இறுக்கிப் பிடித்த தசைகள் ஒரு கட்டத்தில் சோர்ந்து தளர்ந்துவிடுகின்றன. உள்ளே தேங்கியிருந்த இளஞ்சூட்டு இரத்தம் தோலுக்குப் பாய்கிறது. உறைந்து சாகப் போகிறவருக்கு உடம்பெல்லாம் தீயாக எரிகிறது. அவர் ஆடையைக் களைகிறார்.

இது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே அறிவு மங்கத் தொடங்கிவிடுகிறது. உடலின் உட்புற வெப்பம் 37 டிகிரியிலிருந்து 35க்குக் கீழே இறங்கினாலே அது ஹைப்போதெர்மியா. இடையில் இருப்பது இரண்டு டிகிரிதான். ஜிப்பை இழுக்க விரல் ஒத்துழைக்காது. கையில் பிடித்த பாட்டில் நழுவும். சமதரையில் கால் இடறும். பேச்சு குழறும். எப்போதும் சிரித்த முகமாக இருப்பவர் காரணமில்லாமல் எரிந்து விழுவார், அல்லது ஒன்றுமே பேசாமல் பின்தங்கி வருவார். கேட்டால், “எனக்கு ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தன் நிலையைத் தனக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய மூளையே குளிர்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் வெப்பம் இறங்கி 32 டிகிரி வாக்கில் வரும்போது நடுக்கம் நின்றுபோகும். கூட இருப்பவர்கள் அப்பாடா, தேறிவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள். நடுங்குவதற்குக்கூட அந்த உடலில் தெம்பு மீதமில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

பனிமலைக்கு ஆயத்தமாவதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ‘ஒண்ணுமில்லை’தான் நினைவுக்கு வருகிறது. ஆயத்தம் என்றதும் நாம் பொருள்களின் பட்டியலைத் தேடுகிறோம். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மலையேறிகள் சங்கம் 1930களில் வகுத்த பத்துப் பொருள் பட்டியல் இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. வரைபடம், திசைகாட்டி, விளக்கு, கூடுதல் உணவு, கூடுதல் ஆடை, தீப்பெட்டி என்று போகும் அந்தப் பட்டியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பையில் இருந்த கூடுதல் ஆடையை எடுத்துப் போடாமலே இறந்தவர்கள் உண்டு. எடுத்துப் போட வேண்டும் என்று மேலே போய்த் தோன்ற வேண்டுமே. குளிரும் உயரமும் முதலில் தொடுவது அந்தத் தோன்றுதலைத்தான். எனவே மலையில் எடுக்க வேண்டிய முடிவுகளில் எத்தனையை முடியுமோ அத்தனையை அடிவாரத்திலேயே, வயிறு நிறைந்து, உடம்பு சூடாக, புத்தி தெளிவாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். மேலே போனதும் அவற்றை மறுவிசாரணை செய்யக் கூடாது. ஆயத்தம் என்று நான் கருதுவது இதை.

டிசம்பர் கடைசியில் டேராடூன் ரயில் நிலைய வாசலில் விடியற்காலை நின்றால் தமிழ்க் குரல்கள் கேட்கும். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த இளைஞர்கள் பெரிய முதுகுப் பைகளோடு நின்றிருப்பார்கள். முசௌரி, புரோலா, மோரி வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர் மலைப்பாதையில் நாள் முழுக்க வண்டியில் போனால் சாங்க்ரி என்ற சிற்றூர் வரும். அங்கிருந்துதான் கேதார்காந்தா நடை தொடங்குகிறது. சாங்க்ரி கடல்மட்டத்திலிருந்து 1,950 மீட்டர் அளவில் இருக்கிறது. கேதார்காந்தா உச்சி 3,800 மீட்டர். ஓக், பைன் மரக்காடுகள், உறைந்து கிடக்கும் ஜூடா கா தாலாப் ஏரி, அப்புறம் பனி மூடிய புல்வெளிகள். கடைசி நாள் பின்னிரவில் மூன்று மணி வாக்கில் தலைவிளக்கு வெளிச்சத்தில் ஏறி, சூரியன் எழும்போது உச்சியில் நின்று சுவர்க்காரோகிணியையும் பந்தர்பூஞ்சையும் பார்க்கலாம். பனியையே கண்டிராதவர்கள் முதன்முதலாகப் போவதற்கு இது நல்ல மலை. கயிறு தேவையில்லை, கோடரி தேவையில்லை, நடக்கத் தெரிந்தால் போதும். ‘எளிது’ என்ற அந்தப் பெயரே கவலை தருகிறது. எளிது என்று கேள்விப்பட்டு வருகிறவர் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வருகிறார்.

பருத்தியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் உடம்பின் பழக்கமே அதில் இருக்கிறது. வெயில் ஊரில் பருத்தி உத்தமமான துணி. வியர்வையை உறிஞ்சி, தன்னிடமே வைத்துக்கொண்டு, மெல்ல ஆவியாக்கிக் குளுமை தரும். பனிமலையில் அதே குணம் எமனாகிறது. தண்ணீர், காற்றைப் போல 25 மடங்கு வேகத்தில் உடலின் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஏற்றத்தில் வியர்த்து நனைந்த பனியன், ஓய்வெடுக்க உட்கார்ந்த சில நிமிடங்களில் முதுகில் ஈரத்துணி போர்த்தியது போலாகிவிடும். ஆகவே உடம்பை ஒட்டி வியர்வையைத் தேக்காத செயற்கை இழையோ மெல்லிய கம்பளியோ, அதன் மேல் சூட்டைப் பிடித்து வைக்கும் ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத ஒன்று என்று அடுக்கடுக்காக அணியச் சொல்கிறார்கள். தடித்த ஒரே ஜாக்கெட்டைவிட இது மேல். வேண்டும்போது ஓர் அடுக்கைக் கழற்றலாம், சேர்க்கலாம்.

கழற்றுவதும் சேர்ப்பதும் எப்போது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். காலையில் டென்ட்டை விட்டு வெளியே வந்ததும் குளிருகிறது என்று இருப்பதையெல்லாம் போட்டுக்கொண்டு கிளம்புவோம். கால் மணி நேரத்தில் வியர்க்கும். கழற்ற நின்றால் குழு முன்னே போய்விடும் என்று அப்படியே நடப்போம். பழகியவர்கள் கொஞ்சம் குளிரும்படியாகவே நடையைத் தொடங்குகிறார்கள். வியர்ப்பதற்கு முன் ஓர் அடுக்கைக் கழற்றுகிறார்கள். நின்ற மறுகணம், குளிரும் முன், ஜாக்கெட்டை மாட்டுகிறார்கள். தண்ணீரும் அப்படித்தான். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் வறண்ட காற்றில் ஒவ்வொரு மூச்சிலும் உடல் நீரை இழந்துகொண்டிருக்கும். பசியும் சரியாகத் தெரியாது. சமவெளியில் உடம்பு கேட்கும்போது கொடுத்துப் பழகிய நாம், அங்கே அது கேட்பதற்கு முன் கொடுக்க வேண்டும். இதைப் போய்ச் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. மணிக்கு ஒருமுறை நாலு மிடறு, இரண்டு பேரீச்சம்பழம் என்று ஊரிலேயே முடிவு செய்துகொண்டு போக வேண்டும்.

சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய. கால் குளிருகிறதென்று மூன்று காலுறை மாட்டி ஷூவுக்குள் திணித்தால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். ஒரு தடித்த கம்பளிக் காலுறையும் விரலை அசைக்க இடமுள்ள ஷூவும் போதும். விரல் நுனி வெளுத்து, வலி நின்று போனால் நிம்மதிப்படக் கூடாது. அது பனிக்கடியின் தொடக்கம். அதைத் தேய்க்கக் கூடாது. அக்குளில் வைத்து மெல்லச் சூடாக்க வேண்டும். மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் சூடாக்குவதையே தள்ளிப் போட வேண்டும். இரவில் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் மேல்பக்கம் உறையும் பனி மூடியை அடைக்காது. செல்போனும் விளக்கின் பேட்டரியும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் உடம்போடு உறங்க வேண்டும். கண்ணாடி இல்லாமல் ஒரு முழுநாள் பனியில் நடந்தால் இரவில் கண்ணுக்குள் மணலைக் கொட்டியது போல எரியும். ரம் குடித்தால் சூடு ஏறும் என்று கூடாரத்தில் பாட்டிலை நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சாராயம் தோலின் இரத்தக் குழாய்களைத் திறந்துவிடுகிறது. தோல் சூடாவது போலிருக்கும், சேமித்த வெப்பம் வெளியே போய்க்கொண்டிருக்கும். அந்தப் பாட்டிலைச் சாங்க்ரியிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

காற்றையும் கணக்கில் வைக்க வேண்டும். வானிலைச் செயலி மைனஸ் 10 டிகிரி என்று காட்டும். உச்சிக்கு முந்தைய திறந்த முகட்டில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், திறந்திருக்கும் முகத்துக்கு அது மைனஸ் 21 போல.

இனி உயரம். 1962 சீனப் போரின்போது இந்தியப் படைவீரர்கள் சமவெளியிலிருந்து அவசர அவசரமாக இமயத்தின் மேல் இறக்கப்பட்டார்கள். உடல் பழக நாள் கொடுக்க எல்லையில் நேரமில்லை. இளம் வயது, கட்டான உடல், கடும் பயிற்சி, எல்லாம் இருந்தும் அவர்கள் தலைவலியிலும் வாந்தியிலும் விழுந்தார்கள். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்தது, சிலருக்கு மூளை வீங்கியது. அப்படிப் பாதிக்கப்பட்ட 1,925 வீரர்களை ஆராய்ந்து இந்தர் சிங்கும் அவருடைய சக மருத்துவர்களும் 1969இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் எழுதிய கட்டுரை, மலைநோய் பற்றிய மருத்துவத்தின் அடித்தளக் கட்டுரைகளில் ஒன்று. நம் வீரர்களின் உடலில் எழுதப்பட்ட அறிவு அது. ஜிம்முக்குப் போகிறேன், மாரத்தான் ஓடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லும் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. உடற்தகுதி நடையை இலகுவாக்கும். மலைநோயிலிருந்து காக்காது. தகுதி உள்ளவர் வேகமாக ஏறிவிடுவதால் ஆபத்து கூடவும் செய்யும்.

3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு அதிகமாகக் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்க வேண்டும். டெல்லியில் விமானம் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் 3,500 மீட்டர் உயரத்து லேயில் இறங்குகிறவர்கள் முதலிரண்டு நாள் அறையிலேயே கிடக்க வேண்டும் என்பதும் இதனால்தான். உறைந்த சன்ஸ்கார் நதி மேல் நடக்கும் சாதர் நடைக்கு லேயில் தங்கிப் பழகி, மருத்துவப் பரிசோதனை முடித்த பிறகே அனுமதிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பரிசோதனைக்குப் பிறகும் மலையில் ஒருவர் தலைவலியை மறைக்க முடியும். மறைக்கிறார்கள். சொன்னால் கைடு கீழே அனுப்பிவிடுவார், வாங்கிய விடுமுறையும் கட்டிய பணமும் போய்விடும் என்ற பயம். தலைவலியோடு குமட்டலோ தள்ளாட்டமோ சேர்ந்தால் மேலே ஏறக் கூடாது. குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் போனாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், விடியட்டும் என்று காத்திராமல் கீழே இறங்க வேண்டும். மாத்திரை உண்டு, ஆக்சிஜன் உண்டு. அவை இறங்குவதற்கு அவகாசம் தருபவை. அறைத் தோழர்கள் இருவர் கிளம்பும் முன் ஒருவருக்கொருவர் ஒரு வாக்குக் கொடுத்துக்கொள்ளலாம்: நான் தள்ளாடினால், நான் என்ன சொன்னாலும் கேட்காதே, கைடிடம் சொல்லிவிடு.

திரும்புவது பற்றிப் பேசும்போது 1996ஆம் ஆண்டு எவரெஸ்ட்டை விட்டுவிட முடியாது. ஸ்வீடனின் யோரான் க்ரோப், ஸ்டாக்ஹோமிலிருந்து சைக்கிளிலேயே நேபாளம் வந்து, ஷெர்ப்பாக்களின் துணையும் ஆக்சிஜன் உருளையும் இல்லாமல் எவரெஸ்ட்டில் ஏறியவர். மே 3ஆம் தேதி உச்சிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் கீழே நின்றார். மணி பிற்பகல் இரண்டு. இதற்கு மேல் ஏறினால் இறங்கத் தெம்பும் வெளிச்சமும் இருக்காது என்று கணக்குப் போட்டுத் திரும்பிவிட்டார். அத்தனை தூரம் மிதித்து வந்தவர், கண்ணெதிரே தெரியும் உச்சியை விட்டுவிட்டு இறங்கினார். அந்த நிதானத்தை வியந்தவர்களில், பணம் கட்டி வருகிறவர்களை எவரெஸ்ட்டுக்கு அழைத்துச் செல்லும் நியூஸிலாந்து வழிகாட்டி ராப் ஹாலும் ஒருவர். அனுபவத்தில் அவரை மிஞ்ச அன்று அந்த மலையில் அதிகம் பேர் இல்லை. முந்தைய ஆண்டு டக் ஹான்சன் என்ற தன் வாடிக்கையாளரை உச்சிக்கு அருகிலிருந்து வலுக்கட்டாயமாகத் திருப்பிக் கூட்டிவந்தவரும் ஹால்தான். அதே ஹான்சன் மறுபடி வந்திருந்தார். மே 10ஆம் தேதி திரும்பும் நேரம், அதாவது உச்சியை எட்டாவிட்டாலும் இறங்கத் தொடங்க வேண்டிய நேரம், பகல் ஒரு மணியா இரண்டு மணியா என்று பேச்சிருந்ததே தவிர, இதுதான் என்று ஹால் திட்டவட்டமாக அறிவிக்கவில்லை என்று அவருடைய குழுவில் இருந்த எழுத்தாளர் ஜான் க்ராகவர் பதிவு செய்திருக்கிறார். ஹான்சன் உச்சியை அடைந்தபோது மணி நான்கு ஆகிவிட்டது. ஹால் அவருக்காகக் காத்திருந்தார். புயல் வந்தது. இருவரும் திரும்பவில்லை. அந்த மலையில் அந்தப் புயலில் எட்டுப் பேர் இறந்தார்கள். க்ரோப் மே 23ஆம் தேதி மறுபடி ஏறி உச்சியில் நின்றார்.

ஹாலைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. இரண்டாம் முறையும் ஒருவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராத மனிதர் அவர். அதனாலேயே இந்தக் கதை என்னை விடாமல் தொடர்கிறது. நல்ல இதயமும் நீண்ட அனுபவமும் இருந்தும் அந்த உயரத்தில் அந்த நேரத்தில் ஒரு முடிவை எடுக்க முடியவில்லை. கீழே எழுதி வைக்காத நேரம் மேலே நெகிழ்ந்துகொண்டே போகிறது.

நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழர்களுக்கு மலை ஏறுவது நெடுங்காலமாக நேர்த்திக்கடன். சபரிமலை, வெள்ளியங்கிரி, சதுரகிரி, பர்வதமலை. வேண்டிக்கொண்டு பாதியில் திரும்புவது தெய்வக் குற்றம் என்று மனம் பதறும். வெள்ளியங்கிரியின் ஏழாவது மலைக்கு ஏறும் வழியில் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் பக்தர்கள் இறந்த செய்திகள் அண்மை ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. உடம்பு போதும் என்று சொன்ன இடத்தில் உட்கார அவர்களுக்கு மனம் வந்திருக்காது. இமயத்துக்குப் போகும் இளைஞர் கடவுளை வேண்டிக்கொண்டு போவதில்லை. ஆனாலும் உச்சியை அடையாமல் வந்தால் ஏதோ குறை என்ற எண்ணம் அந்த வழியிலிருந்தே வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதே மரபுக்குள் வேறொன்றும் இருக்கிறது. சபரிமலைக்கு 41 நாள் மண்டல விரதம். விடியற்காலைக் குளியல், வெறுங்கால் நடை, மது இல்லை, புகை இல்லை, குறைந்த உணவு. மலையேறும் உடலை மலைக்கு முன்பே உருவாக்கிவிடும் ஏற்பாடு அது. குருசாமி சொல்லை மீறக் கூடாது என்ற கட்டுப்பாடும் அதில் உண்டு. இன்று இரண்டு வாரத்துக்கு முன் பணம் கட்டிவிட்டு நாற்காலியிலிருந்து நேராக எழுந்து பனிமலைக்குப் போகிறவர், தன் தாத்தா சபரிமலைக்கு ஆயத்தமானதில் பாதிகூட ஆயத்தமாவதில்லை. இரண்டு மாதம் முன்பிருந்தே நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் வேக நடை, வாரம் ஒருநாள் பையில் எடை ஏற்றிக்கொண்டு மாடிப்படி. இதை விரதம் போலவே வைத்துக்கொள்ளலாம்.

வானத்தைப் பற்றிய முடிவையும் முன்கூட்டியே எடுக்க வேண்டியிருக்கிறது. 2014 அக்டோபர் 12ஆம் தேதி ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. கரையைக் கடந்ததும் புயல் செய்தி நமக்கு முடிந்துவிடுகிறது. அந்தப் புயலின் எச்சம் வடக்கே நகர்ந்து இரண்டு நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பெரும் பனியாகக் கொட்டியது. அக்டோபர் அங்கே நடைப் பருவம். வானம் கண்ணாடி போல இருக்கும் மாதம் என்று நம்பி உலகெங்கிலுமிருந்து வந்தவர்கள் 5,416 மீட்டர் உயரத்து தோரோங் கணவாயைக் கடந்துகொண்டிருந்தார்கள். வழி மறைந்தது. குறைந்தது 43 பேர் இறந்தார்கள். மலையேறிகளும் வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் அதில் இருந்தார்கள். வங்கக் கடலில் எழுந்த காற்று அது. நம் கரையில் புயல் கூண்டு ஏற்றினால் மீனவர் கடலுக்குப் போவதில்லை. கடன் இருந்தாலும், வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும், படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு வலை பின்னுகிறார். வானம் தெளிவாக இருக்கிறதே என்று யாரும் அவரிடம் வாதிடுவதில்லை. மலைக்குப் போகிறவருக்கும் அப்படியொரு கூண்டு வேண்டும்.

மேற்கு இமயத்தில் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மேற்கத்திய இடையூறு எனப்படும் காற்றுச் சுழற்சி. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வருவது. வானிலை ஆய்வு மையம் அதைச் சில நாள் முன்பே சொல்லிவிடுகிறது. சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் போகவில்லை என்று டிக்கெட் எடுக்கும் அன்றே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மாதத்தின் பெயரை நம்பவும் கூடாது. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்த்ர தால் ஏரிக்குப் போன, பெரும்பாலும் கர்நாடகத்தவர் இருந்த 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் இறந்தார்கள். ஜூனில், 4,000 மீட்டருக்கு மேல், அது குளிர்காலமே. நம் ஊர்க் குரங்கணியில் 2018 மார்ச் 11ஆம் தேதி பற்றிய காட்டுத்தீ 23 பேரைக் கொண்டுபோனது. மலைக்கு ஒவ்வொரு பருவத்திலும் ஒரு முகம்.

எவ்வளவு ஆயத்தமானாலும் மலை மிச்சம் வைத்துக்கொள்ளும் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதக் கூடாது. 2022 அக்டோபர் 4ஆம் தேதி, உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனத்துப் பயிற்சியாளர்களும் மாணவர்களும் திரௌபதி கா தண்டா சிகரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது பனிச்சரிவு வந்தது. பயிற்சி பெற்றவர்கள், கயிறு கட்டியவர்கள். 27 உடல்கள் கிடைத்தன, இருவர் கிடைக்கவேயில்லை. இறந்தவர்களில் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே ஆண்டு மே மாதம் 16 நாள் இடைவெளியில் எவரெஸ்ட்டிலும் மகாலுவிலும் ஏறியவர். பனிச்சரிவில் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி தாண்டினால் பெரும்பாலும் பிழைக்க மாட்டார். வெளியிலிருந்து உதவி வர அந்த நேரம் போதாது. கூட வருபவர்தான் தோண்ட வேண்டும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் பனி அதிகம் சரிகிறது. புதுப்பனி கனமாக விழுந்த மறுநாள் அத்தகைய சரிவுக்கு அடியில் நடக்காமலிருப்பதும், நடந்தே தீர வேண்டுமென்றால் ஒவ்வொருவராக இடைவெளி விட்டுக் கடப்பதும் நம் கையில் இருக்கின்றன. அதற்கு மேல் நம் கையில் இல்லை. அந்த மிச்சத்தை ஏற்றுக்கொண்டு போகிறவரை நான் மதிக்கிறேன். அது இல்லையென்று நம்பிப் போகிறவருக்காக அஞ்சுகிறேன்.

சங்கக் கவிஞர்கள் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பருவமாக வகுத்தார்கள், நள்ளிரவைப் பொழுதாக வைத்தார்கள். அந்தப் பாடல்களில் இருட்டில் மலைவழியே காதலியைக் காண வருகிறவன் தன் அச்சத்தைப் பேசுவதில்லை. பேசுகிறவர்கள் வீட்டிலிருக்கும் தோழியும் தலைவியும். வழியில் யானை இருக்கிறதே, காட்டாற்றில் வெள்ளமிருக்கிறதே, வழுக்குப் பாறை இருக்கிறதே என்று அவர்கள் வரிசையாக எண்ணிப் பார்க்கிறார்கள். போகிறவனுக்குத் தெரியாத வழியை இருக்கிறவள் பார்க்கிறாள். பனிநடைக்குப் போகும் இளைஞர்கள் பலர் வீட்டில் உண்மையைச் சொல்வதில்லை. ஆபீஸ் டூர் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, டேராடூனில் இறங்கியதும் போனை அணைத்துவிடுகிறார்கள். சொன்னால் விடமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் ஒருவருக்காவது, அக்காவுக்கோ நண்பருக்கோ, முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும். எந்த நாள் எந்த முகாம், கைடின் பெயரும் எண்ணும், எந்த நாள் எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் யாரை அழைப்பது. அவசரத்துக்கு 112. அனுமதியில்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது இந்தியாவில் சட்டவிரோதம். வெளிநாட்டில் மலையேறிகள் நம்பியிருக்கும் அந்த வசதி இங்கே கிடையாது. மேலே சிக்னல் இல்லாத நாள்களில் நமக்காக மணி பார்த்துக்கொண்டிருப்பது வீட்டில் இருக்கும் அந்த ஒருவர்தான்.

இன்னொருவரும் இருக்கிறார். நம் டென்ட்டையும் அரிசியையும் முதுகில் தூக்கிக்கொண்டு நமக்கு முன்னே ஏறிப் போகிறவர். நாம் அடுக்கடுக்காகக் கம்பளி போட்டு நடக்கும் வழியில் அவர் தேய்ந்த கான்வாஸ் ஷூவில் நடப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். மலைக்காரர்தானே, அவருக்குக் குளிராது என்று நாமாக முடிவு செய்துகொள்கிறோம். சுமைதூக்கிகளில் பலர் தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து கூலிக்காக வருகிறவர்கள்; அவர்கள் உடலையும் குளிரும் உயரமும் நம் உடலைப் போலவே தாக்கும். நேபாளத்தின் மனாஸ்லு பகுதியில் 1997இல் ஓர் இளம் சுமைதூக்கிக்குக் கடும் மலைநோய் வந்தபோது, கணக்குத் தீர்த்துத் தனியாகக் கீழே அனுப்பிவிட்டார்கள். தன் நிலை தனக்கே தெரியாத நிலையில் ஒருவரைத் தனியாக இறங்கச் சொன்னார்கள். அவர் இறந்துபோனார். அதன் பிறகுதான் சுமைதூக்கிகளின் பாதுகாப்புக்கென்று ஒரு பன்னாட்டு அமைப்பு தொடங்கப்பட்டது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் நடத்துகிறவரிடம் நேராகக் கேட்க வேண்டும். திரும்பும் நேரம் எத்தனை மணி, அதை யார் அறிவிப்பார்? ஆக்சிஜன் உருளை எந்த முகாம் வரை வரும்? சுமை தூக்குகிறவர்களுக்கு ஷூவும் ஜாக்கெட்டும் இரவில் படுக்க ஸ்லீப்பிங் பேக்கும் யார் தருகிறார்கள், அவர்களுக்குக் காப்பீடு உண்டா? அவர்களில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் கூட யார் இறங்குவார்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு குழுவைத் தேடலாம். டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.